கெராச்சுட்டா, மங்கி பீச்சா: பினாங்கு தேசியப் பூங்காவில் எந்தப் பாதையில் நடப்பது?

இந்தப் பூங்கா இருப்பது மலேசியாவின் பினாங்குத் தீவில். தெலுக் பஹாங் வாசலில் பெயர் பதிந்து உள்ளே நுழைந்தால், முதல் கால் மணி நேரத்துக்கு எல்லாருக்கும் ஒரே பாதைதான். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் காடு, கால் வைக்க நல்ல தளம். அப்புறம் சுங்கை துக்குன் ஓடைப் பக்கம் பாதை பிரிகிறது. கரையோரமாகவே போனால் தெலுக் ஆலிங், அதைத் தாண்டி தெலுக் டுயோங். எல்லாரும் மங்கி பீச் என்று சொல்வது இந்தக் கடைசி இடத்தைத்தான். இடப்பக்கம் திரும்பி மேட்டில் ஏறினால், மலையைக் கடந்து தீவின் மேற்குப் பக்கத்தில் பந்தாய் கெராச்சுட்.

அந்தப் பிரிவில் நின்று குடும்பங்கள் பேசிக்கொள்வதை ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். "எந்த பீச் அழகா இருக்கும்?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. படத்தில் பார்த்த கடற்கரையை வைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் வாசலிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் மூன்றரை கிலோமீட்டர். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். போக வர நடந்தால் மூன்று மணி நேரம் பாதையில்தான் இருக்கப் போகிறீர்கள். அதனால் கடற்கரையைப் பார்ப்பதற்கு முன் பாதையைப் பாருங்கள், உங்களோடு வருகிறவர்களின் காலைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நான் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் வந்து, அங்கிருந்து 101 பஸ் பிடித்தால் பத்து ஃபெரிங்கியைக் கடந்து தெலுக் பஹாங் வரை வந்துவிடலாம். விமான நிலையப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு 102. பூங்காவின் இரண்டு பாதையிலும் பல முறை நடந்திருக்கிறேன். தனியாக, நண்பர்களோடு, பிள்ளைகளோடு, ஒரு முறை முட்டிவலி உள்ள அத்தையோடு. அந்தக் கடைசி அனுபவம்தான் இதை எழுத வைத்தது. எந்தப் பாதை என்று சரியாக யோசித்திருந்தால் அத்தைக்கு அன்று அவ்வளவு வேதனை வந்திருக்காது.

முதலில் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம். முன்பு பந்தாய் ஆச்சே வனக் காப்பகமாக இருந்த இடம், 2003-இல் தேசியப் பூங்கா ஆனது. 1980-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் மலேசியாவில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது இதுதான். நிலமும் கடலும் சேர்த்து 2,500 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஒரு காலைப்பொழுதில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்துவிடலாம். அந்தச் சிறிய பரப்புக்குள் கடற்கரையோர மலைக்காடு, ஆமைகள் முட்டையிடும் மணல், நன்னீரும் உப்புநீரும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஏரி என்று எல்லாம் இருக்கிறது.

சரி, கரையோரப் பாதைக்கு வருவோம்.

மங்கி பீச் போகும் பாதையை எல்லாரும் சுலபம் என்பார்கள். தெலுக் ஆலிங் வரை அது உண்மை. அங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது, அமைதியான சின்ன விரிகுடா, உட்கார நிழல். அதற்கப்புறம் பாதை கடலை ஒட்டிய சரிவில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிறது. ஒவ்வொரு ஏற்றமும் சிறியதுதான். ஆனால் வேர்களும் பாறைகளும் மாறி மாறி வருகின்றன. சில இடங்களில் ஒரு கையால் மரத்தையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மலை என்றால் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். உடம்பு அதற்குப் பழகிவிடும். இங்கே முட்டி ஒவ்வொரு ஐந்து நிமிடமும் புதிதாக வேலை செய்கிறது. அத்தை தெலுக் ஆலிங் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதைத் தாண்டி இருபது நிமிடத்தில் பேச்சே நின்றுவிட்டது. கடற்கரையோரம்தானே, சமதளமாக இருக்கும் என்று நான்தான் அழைத்துப் போனேன். திரும்பும்போது படகு பிடித்துத்தான் அவரைக் கொண்டுவந்தோம்.

ஆனால் அந்தப் பாதையில் ஒரு பெரிய சுகம் உண்டு. கடல் உங்களை விட்டுப் போகவே போகாது. மரங்களுக்கு நடுவே நீலம் தெரிந்துகொண்டே இருக்கும், காற்றும் வரும். வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு உயரத்தில் வட்டமிடுவதைப் பார்க்க இதைவிட நல்ல பாதை பூங்காவில் இல்லை. கெராச்சுட் போகும் காட்டுக்குள் காற்று அசையாது. சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்க்கும்.

முடிவில் வரும் விரிகுடா காற்று மறைவான இடம். தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், மணல் வெளுப்பு, கரை மெதுவாக ஆழமாகிறது. டுயோங் என்றால் மலாயில் கடற்பசு. தமிழ்நாட்டு மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதே உயிர். பெயரை வைத்து அந்த விலங்கை எதிர்பார்த்துப் போகாதீர்கள். குரங்குகள்தான் இருக்கும். நீண்ட வால் கொண்ட கெரா குரங்குகள் பிளாஸ்டிக் பை சலசலக்கும் சத்தத்தைக் கேட்டாலே இறங்கி வந்துவிடும். ஒரு பள்ளி விடுமுறையில் என் மகளின் கையிலிருந்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை ஒரு பெரிய ஆண் குரங்கு பறித்துக்கொண்டு போனது. குழந்தை பயந்து ஒரு மணி நேரம் என் இடுப்பை விடவில்லை. குரங்கின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் கையிலிருந்து ஊட்டி ஊட்டிப் பழக்கியதன் விளைவு அது. சாப்பாட்டை மூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவை முதுகுப்பைக்குள் வையுங்கள். ஒரு வாய்கூட அவற்றுக்குக் கொடுக்காதீர்கள்.

கூட்டமும் இருக்கும். இந்தக் கரைக்கு நடந்து வருகிறவர்களைவிடப் படகில் வந்து இறங்குகிறவர்கள் அதிகம். சனி, ஞாயிறு, பெருநாள் விடுமுறை என்றால் இயந்திரச் சத்தம், கரி அடுப்புப் புகை எல்லாம் உண்டு. ஒன்றரை மணி நேரம் காட்டில் நடந்து, வியர்த்து வந்து நிற்கும்போது அந்த இரைச்சல் மனதைச் சுருக்கிவிடும். வார நாளில் காலை பத்து மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால் இதே இடம் வேறு மாதிரி இருக்கும்.

முக்கா ஹெட் முனையில் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிறவர்களுக்கும் இதுதான் வழி. 1883-இல் கட்டியது. கோபுரம் உயரமானதல்ல, ஆனால் அது நிற்கும் மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர். மங்கி பீச்சிலிருந்து செங்குத்தான ஏற்றம், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். கடற்கரையோடு திரும்பினால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதை விட்டுவிடலாம். நல்ல தெம்புள்ள இளைஞர்கள், விடியலில் கிளம்ப முடிகிறவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்றம் திறந்திருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிட வேண்டும். 2017 நவம்பர் புயல்மழையில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து பூங்காவின் பாதைகள் மூடப்பட்டன. இன்றும் ஒரு பெருமழைக்குப் பிறகு எந்தப் பகுதி மூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இப்போது கெராச்சுட். என் மனது இந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரிவிலிருந்து முதல் அரை மணி நேரம் ஏற்றம்தான். படிகள் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் மூச்சு வாங்கும். முதல் முறை வருகிறவர்கள் பலர் இங்கேயே தவறான பாதைக்கு வந்துவிட்டோமோ என்று யோசிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். மேட்டைக் கடந்தால் பாதை தணிந்து, பெருமரங்களின் நிழலில் நீண்ட இறக்கமாகப் போகிறது. பாதை அகலமாகவும் தெளிவாகவும் இருப்பதால் வழி தவறும் பயம் குறைவு.

இந்தக் காட்டை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. கடற்கரையோர மலைக்காட்டுக்கே உரிய செராயா மரங்கள் இங்கே மேட்டின் முதுகில் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அவற்றின் தலை சாம்பல் பூத்த பச்சையாகத் தெரியும். இந்தக் குடும்பத்து மரங்களின் காய்களுக்கு இறகு உண்டு. மேலிருந்து விழும்போது சுழன்று சுழன்று இறங்கும். பிள்ளைகளுக்குக் கீழே கிடப்பதில் ஒன்றை எடுத்துக் காட்டி, மேலே வீசிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தின் அலுப்பு அவர்களுக்கு அப்போதே மறந்துவிடும். ஆனால் காயைக் காட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

ஜெலுத்தோங் மரமும் உண்டு. ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெலுத்தோங் ஊரின் பெயரும் இந்த மரத்தின் பெயரும் ஒன்றுதான். கீறினால் பால் வடியும். ஒரு காலத்தில் அந்தப் பாலை எடுத்துச் சூயிங் கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "ரப்பருக்கு முன்னாடியே ஒருத்தன் பால் எடுத்திருக்கானா?" என்று கேட்டார். பிறகு ரொம்ப நேரம் தன் தோட்டத்துக் கதைகளைச் சொன்னார். நம்மில் பல பேருடைய குடும்பங்களுக்கு மலேசியக் காடு என்றாலே அழித்து வரிசையாக நட்ட மரங்கள்தான். அழிக்காத காடு எப்படி இருந்தது என்பதை ஒன்றரை மணி நேர நடையில் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிற இடம் இது. இந்தப் பாதையின்மேல் எனக்குள்ள பிடிப்புக்கு அதுவும் காரணம்.

குரங்குகள் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் நான் இந்தக் காட்டில் தேடுவது லோத்தோங்கை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், சாம்பல் உடம்பு, குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். இலை தின்னும் குரங்கு. உங்கள் பையைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. மேலே கிளை ஆடினால் நின்று, பேசாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

கரைக்குச் சற்று முன் அந்த ஏரி வரும். மலையிலிருந்து வரும் நன்னீர் மேலே நிற்கிறது. கடலிலிருந்து வரும் உப்புநீர் எடை கூடியது, அது அடியில் தங்குகிறது. மேலிருப்பதும் கீழிருப்பதும் ஒன்றோடொன்று முழுதாகக் கலப்பதில்லை. இப்படிப்பட்ட ஏரிகள் உலகில் குறைவு. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மழை குறைந்த மாதத்தில் போனால் தண்ணீர் வற்றி, வெறும் சேறாகக் கிடக்கலாம். ஏரிக்காகவே வந்த நண்பர் ஒருவர் பிப்ரவரியில் அதைப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்றால் மழைக்காலத்தை ஒட்டிப் போக வேண்டும். அப்போது பாதை வழுக்கும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். பிள்ளைகளோடு போனால் நான் ஏரியை விட்டுக்கொடுத்து, காய்ந்த பாதையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கெராச்சுட் கரையில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, மீன்வளத் துறை நடத்துவது. இங்கே முட்டையிட வருவது முக்கியமாக இரண்டு வகை: தமிழ்நாட்டு மீனவர்கள் பேராமை என்று சொல்லும் பச்சை ஆமை, பங்குனி ஆமை என்று சொல்லும் சிற்றாமை. பச்சை ஆமை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, மற்றது செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் என்பது கணக்கு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள கரைகளில் ஏறுகிற அதே பங்குனி ஆமை இனம் இங்கேயும் ஏறுகிறது. முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மணல் அதிகம் சூடானால் பெண் குஞ்சுகள், குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள். அதனால் நிழலும் வெயிலும் அங்கே பெரிய விஷயம். என் மகன் அதைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு குழியின் மேலும் நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

ஆமை முட்டையிடுவதைப் பகலில் பார்க்க முடியாது, அது இரவு வேலை. பகலில் தொட்டியில் இருப்பவற்றையும் முட்டைக் குழிகளையும் பார்க்கலாம். மையம் மாலை வரை திறந்திருக்கும் என்று எண்ணித் தாமதிக்க வேண்டாம், மதியத்துக்குள் போய்விடுங்கள்.

கெராச்சுட்டின் குறை கடல்தான். நீண்ட, அழகான கரை, கூட்டமும் குறைவு, ஆனால் குளிப்பதற்கு ஏற்றதல்ல. நீரோட்டம் வலுவானது, சொறி என்று சொல்லும் ஜெல்லிமீன்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள். ஒன்றரை மணி நேரம் வியர்க்க நடந்துவிட்டு, கண்ணெதிரே கிடக்கும் கடலில் இறங்காமல் இருக்கச் சொன்னால் பிள்ளைகள் அழுவார்கள். கடலில் குளிப்பதுதான் அவர்களுக்கு முக்கியம் என்றால் வார நாளில் மங்கி பீச்சே சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இன்னும் தெம்பிருந்தால் கெராச்சுட் பக்கத்திலிருந்து தெலுக் கம்பிக்கு ஒரு பாதை போகிறது. பூங்காவின் மிக நீண்ட கரை அது. அந்த நடைக்கு ஒரு முழு நாள் வேண்டும். முதல் முறை வருகிறவர்களுக்கு வேண்டாம்.

அடுத்தது திரும்பும் வழி. உண்மையில் எல்லாக் குழப்பமும் இங்கேதான் வருகிறது.

நடந்து போய், நடந்தே திரும்புவது. நடந்து போய்ப் படகில் திரும்புவது. இரண்டு வழியும் படகு. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. இரண்டு வழியும் படகில் போனால் நடக்க முடியாதவர்களுக்கு உதவி, மறுக்கவில்லை. ஆனால் நடக்க முடிகிறவர்கள் அப்படிப் போனால் கடற்கரைகளை மட்டும் பார்த்துவிட்டு, காட்டைப் பார்க்காமல் வருகிறார்கள். இந்தப் பூங்காவின் உயிர் காட்டில் இருக்கிறது. நடந்து போய்ப் படகில் திரும்புவதுதான் என் தேர்வு, அதிலும் கெராச்சுட் பாதைக்கு அது பொருத்தமாக அமைகிறது. போகும்போது காட்டுக்குள் மலையைக் கடந்தீர்கள். திரும்பும்போது முக்கா ஹெட் முனையைச் சுற்றி, நீங்கள் கடந்த அதே மலையைக் கடலிலிருந்து பார்க்கிறீர்கள். மங்கி பீச்சிலிருந்து படகு என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

படகை வாசல் பக்கத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். ஆளுக்கு எவ்வளவா, படகுக்கு எவ்வளவா, எத்தனை மணிக்கு வருவார், கடல் கொந்தளித்தால் என்ன செய்வார் என்று நான்கையும் கேளுங்கள். ஒரு முறை நாங்கள் "அங்கே போனால் ஏதாவது கிடைக்கும்" என்று நம்பி, பேசாமலே கெராச்சுட் போய்விட்டோம். மதியத்துக்கு மேல் காற்று ஏறியது, கரையில் ஒரு படகும் இல்லை. கைப்பேசியில் அலை வரவில்லை. மேகம் கறுத்து வர, களைத்துப்போன பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அதே மேட்டில் ஏறித் திரும்பினோம். பாதி வழியில் மழை பிடித்தது. யாருக்கும் அடி படவில்லை. ஆனால் படிகளில் சிவப்பு மண் கரைந்து ஓடியபோது எனக்கு நடுக்கமாகத்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: திரும்பி நடக்கும் தெம்பும், இரண்டாவது பாட்டில் தண்ணீரும், மூன்று மணி நேர வெளிச்சமும் கையில் இல்லாமல் கெராச்சுட்டை நோக்கி அந்தப் பிரிவில் திரும்ப மாட்டேன்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். வழியில் கடை இருக்காது. சிலிப்பரில் நடக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். வேரில் கட்டைவிரல் இடறினால் அங்கேயே நாள் முடிந்துவிடும். காலை எட்டரைக்குள் வாசலில் இருங்கள், பசியாறலை தெலுக் பஹாங் கடைகளிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முட்டிவலி உள்ளவர்களுக்கும் நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் தெலுக் ஆலிங் போதும். இது ஏமாற்றம் தரும் பதில் மாதிரி தெரியும். ஆனால் அந்த நடையில் காடு உண்டு, கடல் உண்டு, பாறையில் உட்கார்ந்து நண்டு பார்க்கலாம். களைப்பதற்குள் திரும்பிவிடலாம். அத்தையை நான் அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

இந்த ஜனவரியில் அத்தை மறுபடியும் ஈப்போவிலிருந்து வருகிறார், கூடவே தங்கை குடும்பமும். நானும் தங்கையும் பிள்ளைகளும் காலையில் கெராச்சுட்டுக்கு நடக்கிறோம். அத்தையும் அம்மாவும் பத்து மணிக்குப் படகில் கிளம்பி, கெராச்சுட் கரையில் எங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். கடல் அமைதியாக இல்லாவிட்டால் அவர்கள் இருவரும் தெலுக் ஆலிங் வரை நடந்துவிட்டு, நிழலில் காத்திருப்பார்கள். ஆமைக் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும் என்று அத்தை இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். புளிச்சாதம் அவர் கட்டி வருகிறாராம், மூடி போட்ட டப்பாவில்.